சும்மா இருக்கத் தெரிஞ்ச டாக்டர்

என்னடே பேராண்டி, கையில கட்டியிருக்கியே, அது கடியாரமா, கம்பவுண்டரா? நிமிசத்துக்கொருக்கா அதையே பாக்க. மணி பாக்கியோன்னு நெனச்சேன். நாடி பாக்குதாமே! ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனேன்னு காலையில அதக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிடுதியாமே. தூங்குனது நீ. சாட்சி சொல்லுதது அதுவாடே?

சரி, திண்ணையில இப்படி உக்காரு. ஒனக்கு டாக்டர்னா கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன் மிசினு. எனக்கு டாக்டர்னா ஒரே ஒரு ஆளுதான். நான் டவுசர் போடாமத் திரிஞ்ச காலத்துல எங்க ஊருக்கு வந்தாக. நான் பேரன் எடுக்கிற வரைக்கும் இருந்தாக. பேரு எதுக்கு? நாங்க யாரும் பேரு சொன்னதே இல்ல. டாக்டரய்யா, அம்புட்டுத்தான்.

அவுக படிச்சது எல்.எம்.பி. முழிக்காதடே. கேஸ் சிலிண்டரு எல்.பி.ஜி. இது வேற. அந்தக் காலத்துல டாக்டர்ல ரெண்டு தினுசு. காலேஜுல படிச்சு எம்.பி.பி.எஸ். வாங்குனவுக பெரிய டாக்டர். மெடிக்கல் ஸ்கூல்ல படிச்சு எல்.எம்.பி. வாங்குனவுக சின்ன டாக்டர். மெட்ராஸ் ஸ்டான்லி காலேஜே 1938 வரைக்கும் ஸ்கூலுதான். 1946ல சர் ஜோசப் போர்னு ஒருத்தர் தலைமையில ஒரு கமிட்டி கணக்கெடுத்துச் சொல்லுச்சு. வெள்ளக்காரன் ஆண்ட இந்தியா பூராவுக்கும் டாக்டர் 47,500 பேரு. அதுல கிட்டத்தட்ட 30,000 பேரு இந்தச் சின்ன டாக்டருதான். 6,300 சனத்துக்கு ஒரு டாக்டர். அதுவும் முக்காவாசிப் பேரு டவுனுக்குள்ள. கமிட்டி என்ன சொல்லுச்சு? இனிமே சின்னப் படிப்பு வேண்டாம், எல்லாரும் பெரிய படிப்பே படிக்கட்டும்னுச்சு. கமிட்டிக்குள்ளயே அதுக்கு ஒத்துக்கிடாத ஆளுக உண்டு. படிப்பு பெருசானா நல்லதுதான், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? பெருசாப் படிச்சவன் சின்ன ஊருக்கு வரணுமே. அதுக்கு எந்தக் கமிட்டியக் கேக்க?

வந்த புதுசுல டாக்டரய்யாவ ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. காய்ச்சலுக்குக் கசாயம் இருக்கு, சுளுக்குக்கு எண்ணெய் இருக்கு, மிச்சத்துக்குப் பூசாரி இருக்காரு. இவுக எதுக்கு? இந்தக் காலத்து ஆளா இருந்தா போர்டுல இன்னும் ரெண்டு எழுத்து சேத்திருப்பான். அவுக என்ன செஞ்சாக தெரியுமா? வெத்தல பாக்கு வாங்கிக்கிட்டு நேரா மருத்துவச்சிக் கிழவி வீட்டுக்குப் போனாக. "ஆத்தா, பேறுகாலம் எல்லாம் நீயே பாரு. எனக்கு அதுல போட்டி இல்ல. தொப்புள்கொடி அறுக்க கத்திய மட்டும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துக்கோ. சாணி கீணி அப்பிராத. புள்ள குறுக்க கெடக்குன்னு தெரிஞ்சா எனக்கு ஆள் விடு"ன்னாக. கிழவி மொதல்ல பொக்கவாய் தெரியச் சிரிச்சா. பெறகு செஞ்சு பாத்தா. பொறந்து ஒரு வாரத்துல வாய் கட்டிக்கிட்டு, வெட்டி வெட்டி இழுத்துச் சாகுமே புள்ளைங்க, அது கொறஞ்சு போச்சு. பேய் அடிச்சதுன்னு வேப்பில வீசுன பூசாரிக்குத்தான் வருமானத்துல துண்டு விழுந்துச்சு. அந்தப் பூசாரியும் பின்னால மூலத்துக்கு அவுககிட்டத்தான் வந்தாரு. அது வேற கத.

டிஸ்பென்சரின்னா ஒரு பெஞ்சு, ஒரு அரைக்கதவு, உள்ள ஒரு மேசை. நீ வீட்டுல இருந்து காலி பாட்டில் கழுவிக் கொண்டு போகணும். கம்பவுண்டர் அதுல ரோஸ் கலர் மிக்சர ஊத்துவாரு. ஒரு காகிதத்த நீளவாக்குல மடிச்சு, ஓரத்துல கத்திரி போட்டுப் பல்லுப் பல்லா வெட்டி, பசை தடவி பாட்டில் முதுகுல ஒட்டுவாரு. ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவளும் தப்பாமக் குடிப்பா. இப்போ மாத்திர அட்டையில எறும்பு ஊருதாப்ல எழுதியிருக்கான், மூக்குக்கண்ணாடி போட்டவனே தடவிப் பாக்கான்.

ஒரு சங்கதி சொல்லுதேன் கேளு. புதுசாக் கல்யாணமான பொண்ணு ஒருத்தி. ஓயாம வயித்து வலி, தலைசுத்து. மாமியாக்காரி கூட்டியாந்தா. "வேலைக்குப் பயந்து நடிக்கா டாக்டரய்யா"ன்னு மொதல்லயே தீர்ப்பச் சொல்லிட்டா. டாக்டரய்யா மாமியாள கம்பவுண்டர்கிட்ட மருந்து வாங்கிட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிட்டு, பொண்ணுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாக. "நீ எத்தன மணிக்கும்மா சாப்பிடுத?" அவ்வளவுதான், பொலபொலன்னு அழுதுட்டா. வீட்டுல பன்னெண்டு உருப்படி. எல்லாரும் தின்னு முடிச்ச பெறகு சட்டிய வழிச்சுத் தின்னா உண்டு, இல்லேன்னா நீத்தண்ணி.

இப்போ என்ன செய்யணும்ங்குத? மாமியாளக் கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கணும்ம்ப. கேட்டா, அன்னிக்கு ராத்திரி அந்தப் பொண்ணுக்கு என்ன விழும்னு யோசிச்சியா? டாக்டரய்யா மூஞ்சிய இறுக்கமா வச்சுக்கிட்டாக. "இந்தா பாருங்கம்மா, இது ரொம்பக் காரமான மருந்து. வெறும் வயித்துல போனா குடல அரிச்சிரும். காலையில எட்டு மணிக்கு மூணு இட்லி உள்ள போன பெறகுதான் ஒரு பல்லு. ராத்திரி ஏழுக்குச் சோறு, பெறகு ஒரு பல்லு. தப்புச்சுன்னா நான் பொறுப்பில்ல"ன்னாக. மாமியா நடுங்கிப் போனா. தானே தட்டுல வச்சுக் குடுத்தா. மூணே மாசத்துல பொண்ணு தெளிஞ்சு வந்துச்சு. பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு நான் பின்னாடி கம்பவுண்டரத் தனியாக் கேட்டேன். ஓமத் தண்ணியும் சர்க்கரையும்னாரு. எந்த ஸ்கேன்லடே மாமியா தெரிவா?

எங்க சனமும் லேசுப்பட்டது இல்ல. ஊசி போடலேன்னா அவன் டாக்டரே இல்லம்பான். "நீர்க்கோவை, மூணு நாள்ல தானாப் போயிரும், போய்ப் படு"ன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான். விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? அதுக்காகவே செகப்புக் கலர்ல ஒரு விட்டமின் ஊசி வச்சிருந்தாக. கண்ணாடிச் சிரிஞ்சு வெந்நியில கெடந்து கொதிக்கிற சத்தத்தக் கேட்டே பாதிப் பேருக்குக் காய்ச்சல் எறங்கிரும்.

பேதிக்கு அவுக வைத்தியம் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. குடிச்சா இன்னும் போகுமேன்னு தாய்மாரு பயப்படுவாளுக. "போனா போகட்டும், போறத விட அதிகமா உள்ள ஊத்து"ம்பாக. எங்களுக்கு எளக்காரமா இருந்துச்சு. கஞ்சி ஊத்தவா டாக்டருக்குப் படிக்கணும்? பின்னாலதான் புரிஞ்சுது. 1971ல வங்காளதேசச் சண்டையில அகதிக லட்சக்கணக்குல ஓடி வந்தாகல்ல, அப்போ பொங்காவ்ங்கிற ஊரு முகாம்ல காலரா. குளுக்கோஸ் பாட்டில் தீந்து போச்சு. திலீப் மகாலனாபிஸ்னு ஒரு டாக்டர், உப்பும் சர்க்கரையும் தண்ணியில கலக்கி ட்ரம்ல வச்சு, கூட வந்தவுகளையே ஊத்திக் குடுக்கச் சொன்னாரு. 100க்கு 30 பேரு செத்த எடத்துல சாவு 3, 4ன்னு எறங்குச்சு. 1978ல லான்செட்டுங்கிற லண்டன் பத்திரிகை, இந்த நூத்தாண்டு வைத்தியத்துலயே இதான் பெரிய சங்கதியா இருக்கும்போலன்னு எழுதுச்சு. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலைதட்டி. இதுக்கு என்னடே ஏசி?

ஆனா ஒண்ணு. எப்பவும் சும்மா இருக்கிற ஆளுன்னு நெனச்சிராத. ஒருநாள் எங்க பெரியப்பா மகன் வயித்து வலின்னு வந்தான். வலப்பக்கம் அடிவயித்துல மெல்ல அமுக்குனாக. அப்போ அவன் கத்தல. சடார்னு கைய எடுத்தாக பாரு, அலறிட்டான். அடுத்த நிமிசம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி, போற பஸ்ஸ மறிச்சு நின்னாக. டிரைவர் ஏதோ சொல்ல வந்தவரு, அவுக மூஞ்சியப் பாத்ததும் வாய மூடிட்டாரு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி அவன் சட்டப்பைக்குள்ள திணிச்சு ஏத்தி விட்டாக. குடல்வால். வெடிக்கிறதுக்கு முந்தியே அறுத்துட்டாக. அன்னிக்கு அவுக பீஸும் வாங்கல, ஊசியும் போடல. பத்துப் பேருல ஒம்பது பேரச் சும்மா விடணும், ஒருத்தன ஓடி ஏத்தணும். அந்த ஒருத்தன் யாருன்னு தெரியுறதுக்குத்தான் அம்புட்டுப் படிப்பும்.

மெட்ராஸ்ல ரங்காச்சாரின்னு ஒரு பெரிய டாக்டர், சொந்த ஏரோப்ளேன்ல பறந்து போயி நோயாளியப் பாத்தாராம். அங்க பெரியாஸ்பத்திரி வாசல்ல அவருக்குச் செலையே இருக்கு. எங்காளுக்கு சைக்கிள். மழை பெஞ்சு கரிசல் மண்ணு சக்கரத்துல அப்பிக்கிட்டா சைக்கிளு அவுக தோள்ல ஏறி வரும். செலைக்கு எங்க போக?

சம்பாத்தியம் என்னன்னு கேக்கியா? கம்பு வரும், கோழி வரும், தை மாசம் கரும்பு வரும். துட்டு வேணும்னா பண்ணையாரு இருக்காரு. அவருக்குத் தீராத மலச்சிக்கல். வெளக்கெண்ணெய் நாலணா. நாலணா மருந்த பண்ணையாரு குடிப்பாரா? அதையே கருப்பு பாட்டில்ல ஊத்தி, பெப்பர்மிண்ட் ரெண்டு சொட்டு விட்டு, அஞ்சு ரூவான்னாக. சீமை மருந்துன்னு பண்ணையாரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அந்த அஞ்சு ரூவா கீழத்தெருவுக்குக் கொயினாவாப் போச்சு. இப்போ இதுக்குக் குடும்ப மருத்துவம்னு தனிப் படிப்பே வச்சிருக்கானாமே. நல்லாப் படிக்கட்டும். கருப்பு பாட்டிலப் பத்திப் பாடம் இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.

அது கெடக்கட்டும். அந்த ஃபைல எடு. முழு உடம்பு பரிசோதனையாம்ல, ரெண்டு எடத்துல செகப்பு எழுத்து வந்துருச்சுன்னு நேத்துல இருந்து சோறு எறங்காமத் திரியுதியாமே. ஒங்க அம்மா சொன்னா. நம்ம கணக்கு வாத்தியாரு ஒரு கணக்குப் போட்டுக் காமிச்சாரு. இந்த அளவெல்லாம் எப்பிடிக் குறிக்கான் தெரியுமா? 100 நல்ல ஆளப் புடிச்சு அளந்து, நடுவுல நிக்கிற 95 பேர உள்ள விட்டு, ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற அஞ்சு பேர வெளிய தள்ளிக் கோடு போடுதான். பெரும்பாலும் அப்பிடித்தான். அந்த அஞ்சு பேருக்கும் ஒரு நோயும் கெடையாது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, கல்லுக்குண்டா இருக்கிறவனுக்கே ஒண்ணாவது செகப்பா வர்றதுக்கு 100க்கு 64 வாய்ப்பு. நீ எத்தன எடுத்த? எழுபதா? ரெண்டோட விட்டானேன்னு சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு!

செகப்பு எழுத்து ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. நான் என்ன டாக்டரா? சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த டாக்டரம்மாவப் போய்ப் பாரு. சின்ன வயசுதான், ஆனா நேத்து எனக்கு ஊசி வேண்டாம்னு சொல்லிட்டா. நான் மூஞ்சியத் தூக்கித்தான் பாத்தேன், மசியல. ஃபைல மொதல்லயே நீட்டிராத. கேட்டா குடு. அஞ்சு மணிக்கு டோக்கன். அந்தக் கடியாரத்துல மணியும் காட்டுமாடே?