வரலையே சார்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு ஜிபேயில் பணம் விழும். பத்து ஐம்பதுக்குச் செய்தி வரும்: "சார், அனுப்பிட்டீங்களா?"

பழைய காமிக்ஸ் விற்கிற எல்லாருக்கும் இவரைத் தெரியும். பழைய நாணயம் விற்பவர், தபால்தலை விற்பவர், தீப்பெட்டி லேபிள் விற்பவர் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விட்டுவிட்டு, "உங்ககிட்டயும் வாங்கறாரா?" என்பார்கள். என் போனில் இவர் பெயர் "வரலை சார்". ஒருவர் இல்லை. வரலை சார் கோவை, வரலை சார் ஆவடி, வரலை சார் திருப்பூர் 2.

முதலில் முகவரி. முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது 1972-ல். நம் நாட்டில் பின்கோடு வந்ததும் அதே 1972-ல்தான். மாயாவி பற்றி வரலை சாரிடம் எதைக் கேட்டாலும் சொல்வார். எந்தக் கதை எந்த வருஷம் மறுபதிப்பு ஆனது, எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் விட்டுப்போனது, எல்லாம் விரல் நுனியில். பின்கோடு கேட்டால் மட்டும், "வைஃப்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

திங்கட்கிழமை காலையில் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலும் கீழும் அட்டை கொடுத்து, முனை மடங்காமல் டேப் சுற்றி, ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்து, ரசீதைப் படம் பிடித்து அனுப்புவேன். ரசீதில் ஒரு நம்பர் இருக்கும். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் ஐ.என். என்று பதின்மூன்று இடம். அது கைக்குக் கிடைத்ததும் மனிதர் துப்பறிய ஆரம்பித்துவிடுவார். மணிக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். கீழே வார்த்தை எதுவும் இருக்காது, வெறும் கேள்விக்குறி.

"சார், கோயம்புத்தூர் என்.எஸ்.ஹெச்.னு போட்டிருக்கு. நான் இருக்கறது சிங்காநல்லூர்."

"அது தபாலைத் தரம் பிரிக்கற இடம் சார். ஊருக்கு வர்றது எல்லாம் அங்க போயிட்டுத்தான் வரும்."

"என்னோடது ஏன் போகணும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். மூன்றெழுத்துச் சொல். அதை வைத்துக்கொண்டு அவர் செய்கிற ஜாலத்தை நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள், "இன்னும் வரலை சார்." இது வெறும் தகவல். பார்சல் அப்போது என் ஊர்த் தபால் ஆபீஸ் பைக்குள்தான் இருக்கும். வராதுதான். வந்திருந்தால்தான் அதிசயம்.

இரண்டாம் நாள், "வரலையே சார்." தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை என்று தொடங்கி ஐந்து பொருள் சொல்கிறது. வரலை சாரின் ஏகாரம் ஆறாவது. கேள்வியும் அழுகையும் சந்தேகமும் சரிவிகிதத்தில் கலந்தது. ஒரே எழுத்தில், "நீங்க நல்லவர்தான், ஆனா காலம் கெட்டுக் கிடக்கே" என்று சொல்லிவிடுவார்.

மூன்றாம் நாள், "வரவே இல்லை சார்." ஏகாரம் இடம் மாறி நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. இது குற்றப்பத்திரிகை.

நான்காம் நாள், "வரலை." சாரைக் காணோம். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. வாட்ஸ்அப்பில் வேறு எதற்கும் முற்றுப்புள்ளி வைக்காத மனிதர் அவர்.

ஐந்தாம் நாள் குரல் செய்தி. பின்னணியில் பிரஷர் குக்கர் விசில். "நான் அப்பவே நினைச்சேன், இது வராதுன்னு." அப்பவே நினைத்தவர் அப்பவே ஏன் பணம் போட்டார் என்று கேட்கக் கூடாது.

இதற்குள் ட்ராக்கிங்கில் "ஐட்டம் டெலிவர்டு" என்று வந்து ஒன்றரை நாள் ஆகியிருக்கும். அதன் படத்தை இந்த முறை நான் அனுப்புவேன். பதில்: "அது அவங்க போட்டுக்கறது சார்." கையெழுத்து இருக்கிறதே என்றால், "அது என் கையெழுத்து இல்ல." உண்மைதான். அது யார் கையெழுத்தும் இல்லை, பேனா வழுக்கிய கோடு. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் இல்லையா, அதே கதைதான். பார்சலும் தெரியாது, வாங்கிய ஆளும் தெரியாது. கிறுக்கின கை மட்டும் தெரியும்.

அந்தக் கை யாருடையது என்று தேடுகிற வேலையும் என் தலையில்தான் விழும். முன்னூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவர் வீட்டை நான் சோதனை போடுவேன். "பக்கத்து வீட்ல கேட்டீங்களா? கீழ செக்யூரிட்டிகிட்ட? அம்மா வாங்கி வச்சிருப்பாங்களோ?" எல்லாவற்றுக்கும், "அங்கல்லாம் இருக்காது சார்." போய்ப் பார்த்துச் சொன்ன பதில் இல்லை அது. கட்டிலில் படுத்தபடி சொன்னது.

இந்த நாலு வருஷத்தில் "வராத" பார்சல்கள் இருந்த இடங்கள்: செக்யூரிட்டி மேஜையின் இரண்டாவது இழுப்பறை, மாடிப்படிக்கு அடியில் மருந்துக் கடை, வாஷிங் மெஷின் மேல் துவைக்கப் போட்ட துணிக்குள். ஆவடிக்காரரின் பார்சல் பரண் மேல், கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அது தானாக அங்கே ஏறவில்லை. "இன்னொரு காமிக்ஸ் இந்த வீட்டுக்குள்ள வந்தா பாருங்க" என்று அவர் மனைவி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். சொன்னபடி செய்தும் காட்டியிருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதைதான். அதற்கப்புறம் ஆவடிக்காரர், "சார், இனிமே ஆபீஸ் அட்ரஸ்" என்றார். அங்கே டெஸ்பாட்ச் பிரிவில் ஒன்பது நாள் கிடந்தது அடுத்த பார்சல்.

கிடைத்தது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வேறொரு வேலையாகப் பேசும்போது தெரியும். "வரலை"க்கு ஐந்து வடிவம் வைத்திருப்பவரிடம் "வந்திருச்சு" என்ற சொல்லே கிடையாது.

கோபம் வரும்தான். ஆனால் ஒரு நாள் ராத்திரி கோவைக்காரர் போனில் பேசினார். ஒன்பது வயதில் திருவிழாக் காசைச் சேர்த்து வாங்கிய புத்தகங்களாம். முழுப் பரீட்சை லீவில் பாட்டி ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், அம்மா மொத்தக் கட்டையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருக்கிறார். "பச்சைக் குடம் சார். ரொம்ப நாள் இருந்துச்சு. தண்ணி குடிக்கறப்பல்லாம் பார்ப்பேன்." நாற்பது வருஷமாக அந்தக் கட்டைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒருமுறை பறிகொடுத்தவர். அவர் இரண்டாம் நாளே பதறுவதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் பட்டது. அன்றைக்கு அவருக்குத் தபால் செலவு வாங்கவில்லை.

ஆனால் திருப்பூர் 2 விஷயத்தில் எனக்கு அந்த இளக்கம் இல்லை. போன ஆடியில் ஒரு பார்சல் நிஜமாகவே தொலைந்தது. அவசரம் என்று அவரே சொன்ன ஒரு கூரியரில் போட்டது. பெயர் வேண்டாம். 3,500 ரூபாய்ப் புத்தகம். ரசீதைத் திருப்பிப் பார்த்தால் எறும்பு எழுத்தில், தொலைந்தால் அதிகபட்சம் 100 ரூபாய். ஸ்பீட் போஸ்ட்டிலும் காப்பீடு செய்யாமல் அனுப்பியது தொலைந்தால், கட்டிய கட்டணத்தில் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். 3,500 ரூபாய்ப் புத்தகத்தை 70 ரூபாய் கட்டி அனுப்பினால் கைக்கு வருவது 140. சரக்கு விற்பனைச் சட்டம் என்று 1930-ல் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் 39-வது பிரிவுப்படி, வாங்குகிறவருக்கு அனுப்பச் சொல்லிச் சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே, பொதுவாக அது வாங்குகிறவரிடம் ஒப்படைத்த மாதிரிதான். காமிக்ஸ் வாங்கி விற்கிற குரூப்பில் அந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள்! மூன்றாம் நாளே "இவரிடம் வாங்காதீர்கள், உஷார்" என்று என் பெயரும் போன் நம்பரும் போட்டாகிவிட்டது. பத்தாம் நாள் 3,500 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குப் பணம் வந்துவிட்டது. எனக்குப் புத்தகமும் போயிற்று, பணமும் போயிற்று. அந்த "உஷார்" பதிவு மட்டும் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை கேட்டேன். இரண்டு நீல டிக்.

இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

போன வாரம் கோவைக்கு ஒன்று போனது. ட்ராக்கிங்கில் டெலிவர்டு. ஒரு நாள் சத்தமில்லை. இரண்டு நாள் சத்தமில்லை. செக்யூரிட்டி இழுப்பறை, துணி மூட்டை, பரண் என்று மனசுக்குள் ஒரு சுற்றுத் தேடி முடித்திருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் முனகியது.

"சார், இதுக்கு அடுத்த இதழ் இருக்கா?"

அப்பாடா, வந்திருச்சு.

"இருக்கு சார்" என்று அடித்தேன். பத்தே முக்காலுக்குப் பணம் விழுந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டேப்பைத் தேட எழுந்தேன்.