அவனுக்கு நேரமாச்சு

கே.கே.நகர், எல்லீஸ் நகர், டி.வி.எஸ். நகர் என்று மதுரையில் எந்த நகருக்குள் நுழைந்தாலும் இவர் அகப்படுவார். வயது அறுபதுக்கு மேல். கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு. விடிந்தும் விடியாததுமாக மொட்டை மாடியில் நின்று, "போயிரு ராசா, சட்டுனு போயிரு" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். எதிரே இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு ஷிட்ஸு குட்டி, எறும்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

வாங்கியது இவரில்லை. பெங்களூரு மகன், இங்கே வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது வாங்கினான். ஆபீஸில் கூப்பிட்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குட்டி இங்கே தங்கிவிட்டது. "நாய் வாசப்படி ஏறுச்சுன்னா நான் எறங்கிருவேன்" என்று சபதம் செய்தவர் சாட்சாத் இவர்தான். இவர் கண்ட நாயெல்லாம் சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம். காட்டிலும் கண்மாய்க்கரையிலும் திரிகிற ஜாதிக்கு யார் போய்க் கக்கூஸ் பாடம் நடத்துவது? 2005-ல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம்கூட இவர் ஊரில் ஹாலில் ஏறியதில்லை.

முதல் வாரம் பழைய வைத்தியம்தான். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்து நாலு வசவு. குட்டிக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்த மனுசன் பார்க்கும்போது போகக்கூடாது. அன்றிலிருந்து பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கியது. சின்ன ஜாதியல்லவா, விழுவதும் ஒரு கரண்டித் தண்ணிதான். கால் வைத்து வழுக்கினால்தான் தெரியும். பினாயில் ஊற்றிக் கழுவினார். நம் மூக்குக்கு வாடை போய்விட்டது, நாய் மூக்குக்கு அந்த விலாசம் அழியவில்லை.

பிறகு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். குட்டிக்கு எத்தனை மாசமோ அதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அடக்காது என்றார் டாக்டர். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், ஆடி ஓய்ந்ததும் உடனே தூக்கிப் போக வேண்டும். போன கையோடு கொஞ்சவேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துக் கொஞ்சினால் எதற்கென்று அதற்கு விளங்காது. அடிக்கவே கூடாது. கறை பட்ட இடத்தை வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்க வேண்டும். பார்வோ தடுப்பூசி முழுசாக முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், மாடியே போதும்.

புதிதாக மதம் மாறியவருக்குத்தான் பக்தி அதிகம். தினசரிக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே இப்போது இவர் கையெழுத்தில் '6.10 ஒண்ணுக்கு, 6.40 ரெண்டுக்கு' என்று இருக்கிறது. கல்யாண வீட்டில் தாலி கட்டின கையோடு செருப்பைத் தேடுகிறார். "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றால், "இல்லப்பா, அவனுக்கு நேரமாச்சு." பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போகிறார் என்று சம்பந்தி வீட்டார் உருகுகிறார்கள்.

மத்தியானம்தான் சோதனை. சித்திரை வெயிலில் மாடித் தரையில் குட்டி ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே கொல்லைப்பக்கம் பேப்பர் விரிக்க வேண்டியதாயிற்று. விரிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பி, சாமி படம் இருக்கிறதா என்று பார்ப்பார். மற்ற மாசங்களில் சமாளித்துவிடலாம். சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரைப் பதிப்பில் எந்தப் பக்கம் விரிப்பது? முதல் பக்கம் பட்டாபிஷேகம், மூன்றாம் பக்கம் திருக்கல்யாணம், நடுப்பக்கம் முழுக்கத் தேர். அழகர் வைகையில் இறங்குகிற அன்று விளம்பரத்தில்கூட அழகர்தான், நகைக்கடை உபயத்தில். மாடி வீட்டு ஆடிட்டரிடம் போய், "தம்பி, ஒங்க இங்கிலீஷ் பேப்பர்ல ஷேர் மார்க்கெட் பக்கம் மட்டும் குடுங்க" என்று கேட்டு வாங்கிவந்தார். இவருக்கும் முதலீட்டில் ஆசை வந்துவிட்டதாக ஆடிட்டர் சந்தோஷப்பட்டு, மியூச்சுவல் ஃபண்ட் பாரம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அதுவும் நல்ல வழவழப்பான தாள். உறிஞ்சாது என்று ஒதுக்கிவிட்டார்.

போன மாசம் சர்க்கரை டாக்டரிடம் போயிருந்தார்.

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

"ரெண்டு தடவைங்க. ஒரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு."

"அடக்க முடியுதா?"

"எங்கங்க? கொஞ்சம் அசந்தா சோபாவுலயே போயிருது."

டாக்டர் பேனாவை எடுத்து ப்ராஸ்டேட் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.