மயில் கழுத்துக்கு என்ன நம்பர்?

கம்ப்யூட்டரில் எதையாவது தப்பாக அடித்தால் அது உடனே சிவப்பு எழுத்தில் சண்டைக்கு வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வலைப்பக்கங்களுக்கு அலங்காரம் செய்யும் சிஎஸ்எஸ் அந்த ரகம் இல்லை. தப்பாக எழுதினால் திட்டாது, மணி அடிக்காது. அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். எழுதியவர்தான் திரையையும் விசைப்பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பேரூராட்சி சமுதாயக் கூடத்தில் ஞாயிறு காலைகளில் நடந்த இலவசக் கணினி வகுப்பில் ஒரு டஜன் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் இந்தக் கட்டுரையாளர். வேடிக்கை பார்க்கப் போனவர், நாற்காலி ஒன்று காலியாக இருந்த குற்றத்துக்காக மாணவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

சமுதாயக் கூடம் என்பதால் பாடத்திட்டம் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டது. காதுகுத்து வந்தால் வகுப்பு இல்லை. வளைகாப்பு வந்தால் வகுப்பு இல்லை, ஆனால் சாப்பாடு உண்டு. வகுப்பு நடந்த நாட்களிலும் முந்தின இரவு ரிசப்ஷனின் தெர்மோகோல் இதயம் மேடையில் மணமக்கள் பெயரோடு நின்றுகொண்டிருக்கும். கணினிகளில் பெரும்பாலானவை தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியவை. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் அப்பா அம்மா கைக்கு வந்தவை. பேட்டரி உயிரோடு இருந்தது ஒன்றுகூட இல்லை. ஆகவே எல்லோரும் பிளக் பாயிண்டைத் தேடிச் சுவரோரம் ஒண்டிக்கொள்ள, சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடும் பயிற்றுநர் தம்பி, காலியான நடுக்கூடத்தில் தன்னந்தனியாக நடந்து பாடம் நடத்தினார்.

எச்டிஎம்எல் வரை யாருக்கும் சிரமமில்லை. தலைப்பு, பத்தி, பட்டியல், படம், அவ்வளவுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட முதல் விவரக்குறிப்பில் இருந்தவையே மொத்தம் 18 குறிச்சொற்கள். விஞ்ஞானிகள் ஆய்வறிக்கை படிப்பதற்காக வந்த ஏற்பாடு. அதில் அழகுக்கு இடமில்லை. அழகு வேண்டும் என்று மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தபோதுதான் வம்பு தொடங்கியது. அதே செர்னில் இருந்த நார்வேக்காரர் ஹோகோன் வியூம் லீ, 1994 அக்டோபர் 10 அன்று சிஎஸ்எஸ்ஸுக்கான யோசனையை முன்வைத்தார். பக்கம் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தோற்றத்தில் சதவீதக் கணக்கில் செல்வாக்கைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதும் அந்த யோசனையில் இருந்தது. தலைப்பு எழுத்தின் அளவில் எனக்கு 40 சதவீதம் என்று கேட்கலாம். நல்லவேளை, அந்தப் பங்குப் பிரிவினை நடைமுறைக்கு வரவில்லை. பெர்ட் போஸும் சேர்ந்து உழைக்க, 1996 டிசம்பரில் முதல் சிஎஸ்எஸ் தரநிலை வெளியானது.

வகுப்பில் முதல் பலி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆங்கில வாத்தியார். தலைப்பைச் சிவப்பாக்கச் சொன்னார்கள், அவரும் எழுதினார். தலைப்பு கறுப்பாகவே இருந்தது. மறுபடி எழுதினார். கறுப்பு. பயிற்றுநர் வந்து எட்டிப் பார்த்தார்.

“சார், கலர்ல யூ வராது. எடுத்துடுங்க.”

“எதுக்குத் தம்பி எடுக்கணும்? யூ போடாத பசங்களை நான் பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்.”

“இது அமெரிக்க ஸ்பெல்லிங் சார்.”

“அப்ப தப்புன்னு அது சொல்லணுமில்ல? ஊமையா இருந்தா பையன் எப்படித் திருந்துவான்?”

கேள்வி நியாயமானது. பதிலும் உண்டு. தனக்குப் புரியாத வரியை உலாவி பேசாமல் தாண்டிவிட வேண்டும் என்பது சிஎஸ்எஸ்ஸின் விதியிலேயே இருக்கிறது. நாளைக்குப் புதிதாக ஒரு வசதி வரும். அதை அறியாத பழைய உலாவி, கண்ட இடத்தில் மயங்கி விழுந்துவிடாமல் மீதிப் பக்கத்தைக் காட்டியாக வேண்டும். அதனால்தான் பத்து வருஷப் பழைய மடிக்கணினியிலும் இன்றைய பக்கங்கள் ஓரளவுக்காவது தெரிகின்றன. தலைமையாசிரியர் இதை ஏற்றுக்கொண்டார். யூவைத்தான் எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் பயிற்றுநரே எடுத்தார். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் ஒரு வெற்றி கிடைத்தது. சாம்பல் நிறத்துக்கு பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும். அந்த மகிழ்ச்சியில் சாதா கிரேயையும் டார்க் கிரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டார்க் கிரே வெளிறிப்போய் இருந்தது, சாதா கிரே அதைவிட அழுத்தமாக இருந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை, சிஎஸ்எஸ்ஸே அப்படித்தான். நிறப்பெயர்களில் பெரும்பகுதி, 1980களில் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ அமைப்பின் பட்டியலிலிருந்து வந்தது. வெறும் கிரேயோ எச்டிஎம்எல்லின் பழைய 16 நிறங்களிலிருந்து வந்தது. இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் கொட்டியவர்கள் உரசிப் பார்க்கவில்லை. இன்று திருத்தினால் உலகத்தில் உள்ள பக்கங்களெல்லாம் நிறம் மாறும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அரைப்புள்ளிதான் வகுப்பில் அதிகம் பேரை வாட்டியது. ஒரு வரியின் முடிவில் செமிகோலனை விட்டால் அந்த வரி மட்டும் போவதில்லை. அடுத்த வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படித்து, அர்த்தமில்லை என்று இரண்டையும் உலாவி தள்ளிவிடும். இந்தத் தொல்லை ஒருவரை மட்டும் அண்டவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தின் டிடிபி அண்ணன். பாமினி எழுத்துருவில் புள்ளி வைக்க வேண்டுமானால் அடிக்க வேண்டிய விசையே செமிகோலன்தான். மெய்யெழுத்து வரும்போதெல்லாம் அதைத் தட்டித் தட்டி, அவருடைய வலது சுண்டுவிரல் தானாகவே அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதே பாமினிதான் அவரைக் கவிழ்க்கவும் செய்தது. அச்சக விலாசத்தைப் பழக்கதோஷத்தில் பாமினியில் அடித்துப் பக்கத்தில் ஒட்டினார். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தை, பக்கத்து இருக்கைத் தலைமையாசிரியர் உரக்கப் படித்துக் காட்டினார்: “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.” பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி மாட்டியவை, எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அந்த அரசாணை கல்யாணப் பத்திரிகை அச்சகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இனி புடவை அக்கா. வீட்டிலேயே புடவை வியாபாரம், ஜாக்கெட்டும் தைப்பார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஓய்ந்துபோய், சொந்தமாகப் பக்கம் போட வந்தவர். நிறங்களின் பாடம் அன்று அவருடைய பாடமாக மாறிவிட்டது. சிஎஸ்எஸ்ஸில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிறங்கள் 148 என்று பயிற்றுநர் பெருமையோடு பட்டியலைத் திரையில் விரித்தார். அக்கா மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். தக்காளி இருக்கிறது, சாக்லேட் இருக்கிறது, கோதுமை இருக்கிறது. பெரு என்று ஒரு நாடே இருக்கிறது.

“அரக்கு எங்கே?”

இல்லை. மாந்துளிர் இல்லை. ராமர் பச்சை இல்லை. வெங்காயக் கலர் இல்லை. கிளிப்பச்சைக்கு ஏதோ ஒன்றைக் காட்டினார்கள். “இது கிளிக்கு உடம்பு சரியில்லாதப்ப” என்று நிராகரித்தார்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, நம்பர் இருக்கிறது என்று பயிற்றுநர் விடவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். காஞ்சிபுரத்துத் தறிகள் எல்லாம் சேர்ந்தாலும் இத்தனை வராது என்பது அவர் கணக்கு.

“அப்ப மயில் கழுத்துக்கு என்ன நம்பர்?”

தம்பி ஒரு நம்பர் கொடுத்தார். நீலம் என்றார் அக்கா. இன்னொன்று கொடுத்தார். பச்சை என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒன்று கொடுத்தார். “பாசி.” பிறகு தானே விளக்கினார்: மயில் கழுத்து ஒரு நிறமே இல்லை. பாவு ஒரு நூல், ஊடை வேறு நூல். புடவையை அசைத்தால்தான் அது மயில் கழுத்து. ஒற்றை நம்பருக்குள் அது எப்படி அடங்கும்? தோல்வியை ஒப்புக்கொள்ளாத தம்பி, நீலத்தில் தொடங்கிப் பச்சையில் முடியும் லீனியர் கிரேடியன்ட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். கூடமே பார்த்தது. அக்காவும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது வால். நான் கழுத்து கேட்டேன்.”

இந்த விவாதத்தில் அக்கா பக்கம்தான் நியாயம் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. நாலாயிரம் ரூபாய்க்குப் புடவை வாங்குகிறவர் திரையில் ஒன்று, கையில் ஒன்று என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். திரைக்குத் திரை நிறம் மாறுவதும் உண்மை.

அதே பட்டியலில் ரெபெக்கா பர்ப்பிள் என்று ஒரு ஊதா இருந்தது. எம்.எஸ். ப்ளூ விற்றுப் பழகிய அக்கா, “ரெபெக்கா யாரு, பாட்டுக்காரங்களா?” என்று கேட்டார். இல்லை. சிஎஸ்எஸ் பற்றிப் பல புத்தகங்கள் எழுதிய எரிக் மேயரின் மகள். 2014-ல் ஆறாவது பிறந்தநாளன்று மூளைக் கட்டியால் இறந்துபோனாள். அவளுக்குப் பிடித்த ஊதாவை, அவள் பெயரிலேயே அந்த மாதமே தரநிலையில் சேர்த்தார்கள். எண் #663399. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் தட்டச்சு செய்யவில்லை. பிறகு அக்கா தன் கடைப் பெயருக்கு அந்த நிறத்தையே வைத்துக்கொண்டார்.

பெட்டிகளின் பாடத்திலும் அக்காதான் காப்பாற்றினார். 300 பிக்சல் அகலம் என்று எழுதிய பெட்டி, 20 பிக்சல் பேடிங்கும் 5 பிக்சல் பார்டரும் இரண்டு பக்கமும் சேர்ந்து 350 ஆகி, பக்கத்துப் பெட்டியைக் கீழே தள்ளிவிட்டது. எல்லோரும் விழித்தார்கள். “உடம்பு அளவு 36னா துணியை 36லயா வெட்டுவாங்க? தையலுக்கு விட வேணாமா?” என்றார் அக்கா. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, விட்ட துணியையும் சேர்த்தே 300 என்று அளந்தது. மற்ற உலாவிகள் உடம்பை மட்டும் அளந்தன. ஒரே பக்கம் இரண்டு அளவில் தெரிந்தது. இப்போது பாக்ஸ்-சைசிங் என்று ஒரு வரி போட்டு, எந்த அளவு வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம்.

ஃப்ளெக்ஸ் பாடம் என்று அறிவித்த ஞாயிறன்று, பேனர் கடைத் தம்பி அரைமணி நேரம் முன்னாலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். “எட்டுக்குப் பத்தா, பத்துக்கு இருபதா?” என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். பெட்டிகளை வரிசையாக நிறுத்தும் வித்தை அது என்று தெரிந்ததும் முகம் வாடியது. ஆனால் எதை வேண்டுமானாலும் இரண்டே வரியில் நட்டநடுவில் நிறுத்தலாம் என்றதும் மீண்டும் மலர்ந்தார். தலைவர் படத்தை நடுவில் நிறுத்துவதுதானே அவர் தொழில்!

தமிழ் எழுத்துருக்களைக் காட்டியபோது ஒரு தகராறு. கூகுளின் எழுத்துருத் தொகுப்பில் கட்டமரான் உண்டு, ஹிந்த் மதுரை உண்டு, பலூ தம்பியும் உண்டு. மலையாளத்துக்கு அதே பலூ, சேட்டன் என்ற பெயரில் இருக்கிறது. “அவங்களுக்கு அண்ணன், நமக்கு மட்டும் தம்பியா?” என்று கொதித்தவர் கோயில் திருப்பணிக் குழுவின் பெரியவர். தெலுங்குக்கும் தம்முடுதான், அதாவது தம்பிதான், என்று காட்டிய பிறகே அடங்கினார்.

பெரியவருக்குத் தேவை ஒன்றே ஒன்று: நன்கொடை அறிவிப்பு ஓட வேண்டும். வலமிருந்து இடமாக, நிற்காமல். எழுத்தை ஓடவிடும் மார்க்யூ பழசு, இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று பயிற்றுநர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். எழுத்தை மினுக்கிய பிளிங்க்கின் கதையையும் சொன்னார். நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி மதுக்கடைப் பேச்சில் எடுத்துவிட்ட யோசனை அது. ஓர் இரவில் யாரோ எழுதியும் விட்டார்கள். 2013-ல் ஃபயர்ஃபாக்ஸ் 23 அதைக் கைவிட்டது. “அது போகட்டும் தம்பி. இது ஓடுதா, ஓடலையா?” என்றார் பெரியவர். ஓடுகிறது. பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லும் அதே தரநிலை ஆவணம், உலாவிகள் அதை எப்படி ஓட்ட வேண்டும் என்றும் விதி வகுத்திருக்கிறது. பெரியவர் ஓட்டினார். கேபிள் டிவியில் வருவதைவிடத் தெளிவாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசி வகுப்பில்தான் பயிற்றுநர் போகிற போக்கில் எஃப்12 விசையைத் தட்டினார். திரையின் ஒரு பக்கம் பிளந்து, அதுவரை எழுதிய சிஎஸ்எஸ் முழுவதும் வரிசையாகத் தெரிந்தது. தள்ளிவிட்ட வரிகளுக்கு மேல் கோடு, பக்கத்தில் சின்னதாக மஞ்சள் முக்கோணம். உலாவி இத்தனை நாளும் எல்லாத் தப்பையும் குறித்துத்தான் வைத்திருக்கிறது, கேட்டவருக்கு மட்டும் காட்டுவதாக இருந்திருக்கிறது. தலைமையாசிரியர் எழுந்தே விட்டார்.

“தம்பி, விடைத்தாளைத் திருத்தி பீரோவில பூட்டி வெச்சிருந்திருக்கே!”

ஊரில் இப்படி வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணியம் தளத்தில் எளிய தமிழில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன, அவற்றை வந்தவர்களுக்குச் சொல்லுங்கள். வரலாறு, நிறம், பெட்டி எல்லாம் பிறகு ஆகட்டும். முதல் நாள், முதல் பாடமாக எஃப்12-ஐக் காட்டிவிடுங்கள்.