கார்டு வண்டியிலிருந்து கடைசி வரிசைக்கு

2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் பிசினஸ் கிளாஸின் 12 இருக்கைகளையும் ஒருவரே பதிவு செய்திருந்தார். அந்தப் பகுதியில் பயணம் செய்தது அவரும் அவருடைய மால்டீஸ் நாயும்தான். இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. பணக்கொழுப்பு என்று பலரும் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. வளர்த்த உயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

நாய் ஒன்று பயணம் போவதை நான் முதலில் பார்த்தது எழுபதுகளின் கடைசியில். அப்பாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு மாற்றல். சாமான்களெல்லாம் லாரியில் போய்விட்டன. மிச்சம் இருந்தது மணி. செவலை நிற நாட்டு நாய். வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்ததே கிடையாது. புழக்கடையில் உடைந்த சட்டியில் பழைய சோறும் மீன் முள்ளும் தின்று வளர்ந்தது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார் பாட்டி. "சோறு போட்டு வளத்த சீவனை விட்டுட்டா போவாவ?" என்று அம்மா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போது மீட்டர் கேஜ் வண்டி. பார்சல் ஆபீஸில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, ரயிலின் கடைசியில் இருந்த கார்டு வண்டிக்கு மணியை நடத்திப் போனார் அப்பா. அதில் நாய்க்கென்றே ஓர் இரும்புப் பெட்டி உண்டு. டாக் பாக்ஸ் என்பார்கள். இடுப்பு உயரம்கூட இருக்காது. கதவில் காற்றுக்காக வரிசையாக ஓட்டைகள். முன்பு போன ஏதோ ஒரு நாயின் மூத்திர வாடை உள்ளேயிருந்து வந்தது. மணி நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளே விரித்தார். அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் மணி உள்ளே போனது.

கோவில்பட்டி, விருதுநகர், மதுரை என்று வண்டி நின்ற இடத்திலெல்லாம் அப்பா இறங்கி ஓடுவார். எங்கள் பெட்டி எஞ்சின் பக்கம் இருந்தது. கையில் தண்ணீர்க் கூஜா. பிளாட்பாரம் முழுக்க ஓடி, கார்டு வண்டியில் ஏறி, டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வண்டி நகரும்போது ஏதாவது ஒரு பெட்டியில் தொற்றிக்கொண்டு வருவார். மதுரையில் நானும் கூட ஓடினேன். கார்டு நம்ம ஊர்க்காரர். "சீக்கிரம் வையும் வே, சிக்னல் போட்டாச்சு" என்று முதலில் அதட்டினார். மணி நக்கி நக்கிக் குடிப்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "திருச்சி வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். நீரு இனிமே ஓடி வர வேண்டாம்" என்றார். அப்பா கேட்கவில்லை. திண்டுக்கல்லிலும் ஓடினார்.

எழும்பூரில் கதவைத் திறந்தபோது துண்டு நார் நாராகக் கிழிந்து கிடந்தது. மணியின் முன்கால் நகங்களில் ரத்தம். பல நாள் அது குரைக்கவே இல்லை. அந்தப் பெட்டி ஓர் உயிரை அடைத்து வைக்கத் தகுந்த இடமே இல்லை என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் ரயில் நின்றது. நின்ற இடத்தில் அப்பாவால் இறங்கிப் போய்க் கை வைத்துப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். அவருக்குக் காது இருந்தது.

விமானத்தின் வயிற்றில் அது கிடையாது. சரக்கறையில் நாயை ஏற்றினால் மூச்சுத் திணறிப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிராணிகளை ஏற்றும் அறையில் நாம் உட்காரும் இடத்தில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். ஆபத்து பெரும்பாலும் தரையில் இருக்கிறது. வண்டியில் ஏற்றி, விமானத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, பெட்டி படுக்கைகளோடு முறைக்குக் காத்திருக்கும் நேரம். சித்திரை, வைகாசியில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் நிற்கும் இடத்தின் கான்கிரீட் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு அந்த மூச்சிரைப்பும் முழுசாக வராது. 2005 மே முதல் ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் 122 நாய்கள் இறந்ததாக அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் கணக்குக் கொடுத்தது. இனம் தெரிந்த நாய்களில் பாதியளவு இப்படிச் சப்பை மூக்கு நாய்கள். பறக்கத் தொடங்கிய பிறகு கீழே ஒரு நாய் தவித்தாலும், மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் இறங்கிப் போக வழியில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டு நாயைக் கேபினில் ஏற்ற வேண்டும். வளர்த்தவரின் கை எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

போன வருஷம் நான் மகள் வீட்டோடு இருக்க மும்பைக்குப் போனேன். பொம்மியை விட்டுவிட்டுப் போகும் பேச்சே எழவில்லை. அது ஸ்பிட்ஸ். எங்கள் தெருவில் எல்லாரும் பொமரேனியன் என்பார்கள். ரயிலில் கூட்டிப் போகலாம்தான். ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்பேயையோ நான்கு பேர் கேபினையோ முழுசாக நாமே எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ள ரயில்வே அனுமதிக்கிறது. இல்லாவிட்டால் இன்றும் கார்டு வண்டிப் பெட்டிதான். விமானத்தில் ஏர் இந்தியா வெகுகாலமாகச் சின்ன நாய்களைக் கேபினில் ஏற்றிவருகிறது. ஆகாசா 2022 நவம்பரில் ஆரம்பித்தது. கூண்டோடு சேர்த்து 7 கிலோ என்று தொடங்கிப் பிறகு 10 கிலோவாக உயர்த்தியது. நாட்டிலேயே அதிகப் பயணிகளை ஏற்றும் இண்டிகோவிலோ மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சேவை நாய்களுக்கு மட்டும்தான் இடம்.

பொம்மியைக் கூட்டிப்போன விமானத்தின் பெயர் இங்கே வேண்டாம். மருத்துவரிடம் பறக்கத் தகுதிச் சான்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சீட்டு எல்லாம் கையில் இருந்தன. கவுன்டரில் பையோடு எடை போட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் காலிப் பை மட்டும் எக்ஸ்ரேயில் போனது. பொம்மியைத் தூக்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டரைக் கடந்து வந்தேன். சோதனை செய்த சிஐஎஸ்எஃப் பெண் காவலர் அதன் காதுக்குப் பின்னால் ஒரு தடவு தடவிவிட்டு, "பயப்படுது மா, நெஞ்சோட அணைச்சுக்குங்க" என்றார்.

கடைசி வரிசை, ஜன்னலோரம். பை காலடியில். விமானம் ஓடத் தொடங்கியதும் பைக்குள்ளே நடுக்கம் என் கணுக்காலில் தெரிந்தது. குனிந்து வலைத்துணியில் விரலை வைத்தேன். ஈர மூக்கு வந்து ஒட்டிக்கொண்டது. விமானம் மேலேறிச் சமநிலைக்கு வரும்வரை அந்த மூக்கு விரலைவிட்டு நகரவில்லை. பிறகு சுருண்டு படுத்துவிட்டது. ஒரு முனகல் இல்லை. மணியின் நகங்களை நினைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஓர் இளம் தாய், கூட ஐந்தாறு வயதுப் பையன். பையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஆண்ட்டி, தப்பா நினைக்காதீங்க. இவனுக்கு வீசிங் இருக்கு. நாய் முடி ஆகாது" என்றார். கையில் இன்ஹேலரை எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். பணிப்பெண் வந்து அவர்களை முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். நல்ல வேளை, காலி இடம் இருந்தது. இல்லாதிருந்தால்? பக்கத்தில் நாய் வரப்போகிறது என்று அந்தத் தாயிடம் விமானக் கம்பெனி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட் எடுக்கும்போது சொல்லவில்லை, போர்டிங் பாஸ் கொடுக்கும்போதும் சொல்லவில்லை.

கேபின் காற்று மணிக்கு இருபது முப்பது தடவை மாறுகிறது. ஹெப்பா வடிகட்டி நுண்துகள்களைப் பிடித்துவிடுகிறது. நாய்க்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள், உண்மையும்தான். ஆனால் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் ஒவ்வாமைப் பொருள் இருக்கைத் துணியில் ஒட்டும், வளர்த்தவரின் சேலையிலும் ஒட்டும். வடிகட்டி அதைத் தொடாது. மூச்சுக்குத் திணறும் பிள்ளையின் உரிமை என் பொம்மியின் உரிமைக்கு முந்தியது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கேபினில் ஏற்றினால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன யுனைடெட் விமானத்தில், பத்து மாத பிரெஞ்சு புல்டாக் குட்டி இருந்த பையை, தலைக்கு மேலே சாமான் வைக்கும் அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். இறங்கும்போது அது உயிரோடு இல்லை. வளர்த்தவர்கள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு மூடி. அதே ஆண்டு ஜனவரியில் நியூவார்க்கில் ஒருவர் மனத்துணை (எமோஷனல் சப்போர்ட்) என்று சொல்லி மயிலோடு விமானம் ஏற வந்து ஊர் சிரித்தது. இப்படிப் பலர் சலுகையைக் கண்டபடி இழுத்ததால்தான் 2021 ஜனவரியிலிருந்து அமெரிக்கா மனத்துணைப் பிராணிகளைச் சேவை நாய்க் கணக்கில் சேர்ப்பதை நிறுத்தியது. உண்மையாகத் தேவைப்பட்டவர்களும் அதில் அடிபட்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு. 2019 அக்டோபரில் ஒரு பெண்மணி தன் தாயோடும் நாயோடும் புவெனஸ் ஐரிஸிலிருந்து பார்சிலோனாவுக்குக் கிளம்பினார். கேபினுக்கு மிஞ்சிய எடை என்பதால் நாய் சரக்கறைக்குப் போக வேண்டியிருந்தது. விமானத்துக்குக் கொண்டுபோகும் வழியில் கூண்டிலிருந்து தப்பி ஓடியது. கிடைக்கவே இல்லை. அவர் 5,000 யூரோ நஷ்டஈடு கேட்டார். 2025 அக்டோபர் 16 அன்று நீதிமன்றம் சொன்னது: விமானப் பயண நஷ்டஈடு பற்றிய சர்வதேச மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கூடவரும் செல்லப் பிராணியும் லக்கேஜில் அடக்கம். தனி மதிப்பு அறிவித்துக் கூடுதல் பணம் கட்டியிருந்தாலொழிய, தொலைந்த சூட்கேஸுக்கு என்ன வரம்போ அதுதான் நாய்க்கும்.

எங்கள் மணி வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பொம்மி ஏசி அறையில் கட்டிலில் தூங்குகிறது. பிறந்தநாளுக்குப் பேத்தி கேக் வாங்குகிறாள். வீடு இவ்வளவு மாறிவிட்டது. விமானச் சட்டம் மட்டும் அப்பா வாங்கிய அந்தப் பார்சல் ரசீதைத் தாண்டி வரவில்லை. பிரிட்டனுக்குப் போவதானால் இன்னும் மோசம். வழக்கமான பயணிகள் விமானத்தில் சேவை நாய் தவிர வேறெந்த நாயும் அங்கே கேபினில் வந்து இறங்க முடியாது. சரக்காகத்தான் இறங்க வேண்டும்.

எடை வரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூண்டோடு 10 கிலோ என்றால் ஷிட்சூ போகும், மால்டீஸ் போகும், என் பொம்மி போகும். ராஜபாளையம் போகாது. கோம்பை, சிப்பிப்பாறை எதுவும் போகாது. 2005இல் தபால் தலையில் அச்சிட்டு நாடு பெருமைப்பட்ட நாய் ராஜபாளையம். நாட்டு நாய் வளருங்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். அப்படி வளர்த்த பிள்ளைக்கு டெல்லியில் வேலை கிடைத்தால் நாயைச் சரக்கறையில் போடு என்கிறோம். இத்தாலி 2025இல் பெரிய நாய்களையும் கேபினில் ஏற்ற விதியைத் தளர்த்தியது. அங்கே முடிகிறதென்றால் இங்கேயும் முடியும். பக்கத்து இருக்கைக்கும் பணம் வாங்கிக்கொள்ளுங்கள், கடைசி வரிசையை ஒதுக்குங்கள், ஒரு விமானத்தில் இத்தனைதான் என்று வரம்பு வையுங்கள், பழக்கப்படாத நாயை மறுத்துவிடுங்கள். இதையெல்லாம் விமானக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடாமல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஒரே விதியாக எழுதட்டும். அதில் முதல் வரியாக, நாய் வரும் விமானம் என்பது டிக்கெட் எடுக்கும்போதே எல்லாப் பயணிகளுக்கும் தெரிய வேண்டும், ஆகாதவர்கள் பைசா கட்டாமல் இடமோ விமானமோ மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கட்டும்.

நாயோடு பறக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டுப் பையை ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டுக் கூடத்தில் திறந்து வையுங்கள், அதுவாக உள்ளே போய்ப் படுக்கப் பழகட்டும். மயக்க மருந்து கொடுக்காதீர்கள், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அது இறக்கிவிடும். சப்பை மூக்கு நாயை வெயில் காலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் சரக்கறையில் அனுப்பாதீர்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் முன்னால், பின்னால், பக்கத்தில் இருப்பவர்களிடம் நாய் இருப்பதை நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.