எட்டாவது நூல்

எங்கள் ஊர் நெட்டுக்குப்பத்து மணலில் அடப்பங்கொடி மேல் மஞ்சளும் பச்சையுமாக நூல் மாதிரி ஒன்று பின்னிக் கிடக்கும். இலை கிடையாது. அடுத்த செடியின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கிற ஜென்மம். "இதுதான் அம்மையார் கூந்தல்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதன் பழத்தை நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு விதை. கூந்தல் காயில் நாலு விதை வரை இருக்கும். நான் இத்தனை நாள் காட்டியது கொத்தான்! அது லவங்கப்பட்டைக் குடும்பம். கூந்தலோ அடப்பங்கொடிக்கே பங்காளி.

கட்டைவிரலால் முடிகிற இந்த வேலைக்காக அதற்குள் ஃபோல்ட்ஸ்கோப் வேறு வாங்கியிருந்தேன். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி. 140 மடங்கு பெரிதாக்கும். வாங்கியதை வீணாக்கலாமா? பொன்னேரிப் பக்கம் மாடு வைத்திருக்கும் சித்தப்பா ஒரு பொட்டலம் குதிரைமசால் விதையை நீட்டி, "இதுல கூந்தல் விதை கலந்துகீதா பாருடா" என்றார். மசாலுக்கு அது எமன்.

முதல் ராத்திரி தெரிந்தது ஒரு கறுப்பு நிலா. அந்தக் கருவியில் வெளிச்சம் பொருளை ஊடுருவி வரவேண்டும். தடித்த விதைக்குள் எங்கே ஊடுருவ? இது புரிய எனக்கு மூன்று நாள்.

கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பனைக் கெஞ்சி, மேலிருந்து வெளிச்சம் விழும் நுண்ணோக்கியில் பொட்டலத்தில் சந்தேகப்பட்ட விதை ஒன்றை வைத்தேன். கூந்தல் விதையின் தோல் தேன்கூடு மாதிரி குழி குழியாக இருந்தது. எங்கள் ஊரில் நிலக்கரிச் சாம்பல் படியாத பொருள் கிடையாது என்பதால் அடுத்த விதையைக் கழுவி வைத்தேன். குழியையே காணோம். பொடிப்பொடி மொட்டுகளாகப் புடைத்திருந்தது. உடனே போன்: "ரெண்டு இனம் சித்தப்பா! ஒண்ணு குழி, ஒண்ணு மொட்டு!" அவர் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

நண்பன் கேட்டது ஒரே வார்த்தை: "கழுவினியா?"

கூந்தல் விதையின் தோல் செல்கள் காய்ந்தால் உள்வாங்கிக் குழியாகும். தண்ணீர் குடித்தால் உப்பி மொட்டாகும். நான் கண்டுபிடித்த இரண்டாவது இனம் மத்தியான வெயிலில் முதல் இனமாகிவிட்டது.

மானத்தைக் காப்பாற்ற விதை வியாபாரிகளின் பழைய வித்தை ஒன்றில் இறங்கினேன். லேசாக ஈரம் காட்டி இரும்புத் தூளைக் கலந்தால் சொரசொரப்பான கூந்தல் விதையில் தூள் ஒட்டும், வழவழப்பான மசாலில் ஒட்டாது. காந்தம் வைத்துப் பிரித்துவிடலாம். பழைய ஸ்பீக்கர் காந்தமும் பட்டறைத் தூளும் கிடைத்தன. தண்ணீர்தான் ஒரு கை கூடிவிட்டது. மொத்த மசாலும் காந்தத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நனைந்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஈர மணலில் தூவி ஜன்னலோரம் வைத்தேன். முளைத்தது. இரண்டு இலை விட்டது மசால். இலையே இல்லாமல் நூலாக நீண்டது கூந்தல். லென்ஸே வேண்டியிருக்கவில்லை. எட்டு நூல் என்று சித்தப்பாவுக்குச் சொன்னேன். எட்டாவது, துடைப்பத்து ஈர்க்கு.