டைரக்டர் ஐயா

கோவையிலிருந்து கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையைத் திருப்பூர்–தாராபுரம் சாலை குறுக்கே வெட்டிச் செல்லும் நால்ரோட்டில், பேக்கரிகளும் ஒர்க்‌ஷாப்புகளும் பனியன் கம்பெனி வேன்களும் புடைசூழ வீற்றிருக்கும் அவிநாசிபாளையத்துக்கு, அவிநாசியோடு பெயரில் பாதி ஒற்றுமை உண்டேயன்றி வேறு பந்தம் எதுவும் கிடையாது. அது திருப்பூருக்கு அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். இந்தப் பூகோள நுட்பத்தை அறியாத சிறப்பு விருந்தினர்கள் எங்கள் பள்ளி விழாவுக்கு வந்து, முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட புண்ணிய க்ஷேத்திரத்தில் நிற்பது தம் பூர்வ ஜன்ம பாக்கியம் என்று தொடங்குவதும், சபையோர் மரியாதை கருதிக் கைதட்டுவதும் வழக்கந்தான். ஆனால் சென்ற ஆண்டு அவ்வாறு தொடங்கியவர், எங்கள் ஊர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, எங்கள் வாய்க்கால் மேட்டிலேயே மாடு மேய்த்து, பிற்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சி நிலையமொன்றின் டைரக்டராக ஓய்வு பெற்றுத் திரும்பிய பெருமகன் என்பதுதான் விசேஷம். உரையை எழுதிக் கொடுத்த உதவியாளர் வடநாட்டவராம். பெரிய மனிதர் முப்பதாண்டுகளாகப் பிறர் எழுதியதை வாசித்து வந்த பழக்கத்தில், தாம் பிறந்த ஊரையும் வாசித்துவிட்டார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் தனி நபரல்லர். ஒரு வர்க்கத்தின் பிரதிநிதி. எந்த விஞ்ஞான விழாவிலும் முன்வரிசை சோபாவில், கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் பொன்னாடையும் கையில் இளநீருமாக நீங்கள் அவரைத் தரிசித்திருப்பீர்கள்.

இளமையில் அவர் உத்தம ஆராய்ச்சியாளராகவே இருந்தார் என்பதில் ஐயமில்லை. ஒரு நுண்கிருமியின் மேலுறையில் உள்ள புரதம் ஒன்றோடு ஏழாண்டு காலம் குடித்தனம் நடத்தி, அது எப்போது சுருளும், எப்போது விரியும், யாரோடு ஒட்டும், யாரோடு ஊடும் என்பதையெல்லாம் சம்சாரியைப் போல் அறிந்து வைத்திருந்தார். அந்த அறிவுக்குப் பரிசாகவே அவருக்கு முதற் பதவி உயர்வு வந்தது. விபத்தும் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானிகளின் படிநிலை ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்கி, சி, டி, ஈ, எஃப் என ஏறி, ‘ஜி’ வரை செல்லும். ‘ஏ’ எங்கே போயிற்று என்பதும் ஒருவகையில் ஆராய்ச்சிக்குரிய விஷயமே. எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். பனியனின் கழுத்துப்பட்டையில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று தைக்கப்படும் அளவுச் சீட்டைப் போன்றதே இதுவும். ஒரு வித்தியாசம் என்னவெனில், பனியன் பெரிதாகப் பெரிதாக அதற்குள் இருக்கும் உடம்பும் பெரிதாக வேண்டும். இங்கே எழுத்து ஏற ஏற, உள்ளே இருக்கும் ஆராய்ச்சி சுருங்கிக்கொண்டே வரும். ‘சி’யில் அவர் சோதனைக் குழாயைக் கையில் பிடித்தார், ‘டி’யில் பிடிப்பவரைப் பார்த்தார், ‘ஈ’யில் பார்ப்பவரின் அறிக்கையில் கையொப்பமிட்டார், ‘எஃப்’ வந்தபோது சோதனைச்சாலைக்கு அவர் எழுந்தருளிய ஒரே சந்தர்ப்பம், ஆயுதபூஜைக்குப் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்ளத்தான்.

கட்டுரைகள் மட்டும் குறையவில்லை. உயிரியல் துறைக் கட்டுரைகளில் உடல் வருந்தி உழைத்தவர் பெயர் முதலிலும், நிலையத்துக்கு அதிபரானவர் பெயர் கடைசியிலும் வருவது சம்பிரதாயம். விருந்தில் கடைசிப் பந்தியில் உட்காருபவரே வீட்டுக்குடையவர் என்று நாம் அறிந்துகொள்வதில்லையா, அதுபோல. இப்படிக் கடைசிப் பந்தியிலேயே பல்லாண்டு உண்டு வந்ததன் பயனாக அவருடைய ‘எச்-இண்டெக்ஸ்’ நாற்பதைத் தாண்டியதாகப் பள்ளி விழாவில் அறிமுக உரை நிகழ்த்திய ஆசிரியர் பெருமிதத்தோடு அறிவித்தார். அது என்ன என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் பின்னர் டீக்கடையில் வினவ, டைரக்டர் பொறுமையோடு விளக்கினார்: ஒருவர் எழுதியவற்றுள் நாற்பது கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது நாற்பது தடவை பிறர் எடுத்துக்காட்டியிருந்தால் அவருடைய எண் நாற்பது, ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் 2005-இல் வகுத்த கணக்கு அது. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்ப நம்ம மொய் நோட்டு மாதிரிங்க. நாம எழுதுனாத்தான் அவங்க எழுதுவாங்க.” அந்த எண்ணைக் குறித்து இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

பெரிய பதவிக்கும் பெரிய விஞ்ஞானத்துக்கும் ஜன்ம விரோதம் உண்டென்று இதனால் யாரும் முடிவு கட்டிவிடலாகாது. சர் சி. வி. ராமன் 1907 முதல் பத்தாண்டு காலம் சர்க்காரின் நிதி இலாகாவில் கணக்குப் பார்க்கும் பெரிய உத்தியோகஸ்தராயிருந்து, காலையும் மாலையும் கல்கத்தாவின் விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார்; 1917-இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் பதவிக்குப் போனார்; 1930-இல் நோபல் பரிசு பெற்று, 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகி, நான்காண்டில் அந்த நாற்காலியைத் துறந்துவிட்டுப் பௌதிகப் பேராசிரியராக மட்டும் அங்கேயே தங்கினார். சர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரோ, மகப்பேறு மருத்துவ நிபுணராயிருந்து, 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அமர்ந்து, 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் எழுந்திருக்கவேயில்லை. அவர் அமர்ந்த ஆண்டில் பிறந்த குழந்தை, அவர் எழுந்தபோது அதே பல்கலைக்கழகத்துப் பட்டத்தோடு வேலை தேடிக்கொண்டிருந்திருக்கக்கூடும். டாக்டர் வி. சாந்தா, முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அடுத்த ஆண்டே சேர்ந்து, 1980 முதல் 1997 வரை டைரக்டராயிருந்து, அந்த வளாகத்திலேயே வசித்து, முதுமையிலும் நோயாளிகளின் கட்டிலருகே நின்றவர். ஒருவர் நாற்காலியை உதறினார். ஒருவர் நாற்காலியையே ஸ்தாபனமாக்கினார். ஒருவர் நாற்காலியில் உட்கார நேரமின்றி வார்டில் நின்றார். நம்மவருக்கு வாய்த்தது நான்காவது வகை: நாற்காலி அவரை விழுங்கிவிட்டது.

விழுங்கப்பட்டவர் உள்ளே சும்மா இருந்தார் என்றும் சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த கருவி சுங்க இலாகாவிடம் சிக்கி ஐந்து மாதம் வெயிலில் காய்ந்தபோது டில்லிக்கு ஏறி இறங்கி அதை மீட்டவர் அவர். மின்சாரம் நின்றால் ரத்த மாதிரிகள் கெட்டுப்போகும் என்று ஜெனரேட்டருக்காக மூன்று கமிட்டிகளோடு மல்லாடியவர் அவர். இந்த மல்லாட்டம் இல்லையேல் இளைஞர்களின் சோதனைக் குழாயில் காற்றைத் தவிர வேறொன்றும் இராது. என்ன செய்வது? வேலை தெரிந்தவனுக்கு நாம் தரும் கௌரவம், அந்த வேலையிலிருந்து அவனை விலக்கி வைப்பதாக இருக்கிறது.

ஓய்வு பெற்று அவர் ஊர் திரும்பிய முதல் வாரம் சற்றுக் குழப்பமாகவே கழிந்தது. ‘டைரக்டர்’ வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியதும், “எந்தப் படமுங்க எடுத்தீங்க?” என்று கேட்டு இளைஞர்கள் வந்தார்கள், காசநோய், பாக்டீரியா என்று அவர் சொன்னவற்றைப் படப்பெயர்களாகவே கொண்டு, ஓடியிருக்காது என்ற அனுதாபத்தோடு திரும்பினார்கள். ஆராய்ச்சி நிலையம் என்றதும் மூத்தவர்களுக்கு நினைவு வந்தது, 1956-இல் கோவையில் ஏற்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய ‘சிட்ரா’. ஆனால் அதுவும் எம்மவரில் பாதிப் பேருக்கு நூலைச் சோதிக்கும் இடம், மீதிப் பேருக்கு விமான நிலையத்துக்குத் திரும்பும் பஸ் ஸ்டாப். பின்னர் அழைப்புகள் வரலாயின. கல்லூரி ஆண்டு விழா, ரத்ததான முகாம், நிட்டிங் யூனிட் திறப்பு என்று மாதம் நான்கு பொன்னாடைகள் சேர்ந்தன. பின்னலாடைக்குப் பெயர்போன வட்டாரத்தில் நெய்த துணியே இவ்வளவு குவிந்த வீடு வேறு கிடையாது.

அப்படியொரு திறப்பு விழாவில்தான் அந்தச் சம்பாஷணை நிகழ்ந்தது. ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராயிருந்து, இப்போது பன்னிரண்டு மெஷின் வைத்துப் பவர்டேபிள் தையற்கூடம் நடத்துபவர், சாப்பாட்டுப் பந்தியில் டைரக்டருக்குப் பக்கத்து இலையில் அமர்ந்தார்.

“ஏனுங் சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க கடைசியா மெஷின்ல உக்காந்தது எப்பங்க?”

டைரக்டர் ரசத்தைப் பிசைந்தபடி நெடுநேரம் யோசித்தார்.

“இருபத்தாறு வருஷம் இருக்குமுங்க” என்றார். ஊர் திரும்பிய பின் அவர் வாயிலிருந்து உதிர்ந்த முதல் ‘ங்க’ அதுவே.

“நம்மகிட்ட ஆள் லீவு போட்டா, இன்னைக்கும் ஓவர்லாக்குல நானே உக்காந்துக்குவேனுங்க. கை மறந்துபோச்சுன்னா, தைக்கறவனுக்கு என்னத்தைச் சொல்றது?”

அன்று ஏற்புரையில் எழுதிய தாளை அவர் வெளியே எடுக்கவில்லை. இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். ஊரில் சிலர் உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் தோட்டத்தில், வேப்பமர நிழல் படாத திறந்தவெளி பார்த்து, மழைமானி ஒன்று ஊன்றப்பட்டது. வானிலை இலாகாவின் முறைப்படி தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தாமே எழுதுகிறார். எங்களுடையதோ வானம் பார்த்த பூமி. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிட, எமக்குக் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். ஆகவே முதல் பதினொரு நாளும் அவர் எழுதியது சுழியம். அந்தப் பதினொரு சுழியங்களையும் அவர் எனக்குக் காட்டியபோது, புதிதாய்ப் பிறந்த பேரனைக் காட்டும் பூரிப்பு முகத்தில் இருந்தது. பக்கத்தின் அடியில் ஒரே ஒரு பெயர். முதற்பெயரும் அதுவே, கடைசிப் பெயரும் அதுவே.

மறுநாள் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து விழாவுக்கு அழைக்க வந்தார்கள். காலை எட்டரைக்குக் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்றார்கள்.

“எட்டரைக்கு எனக்கு வேலை இருக்குதுங்களே” என்றார் டைரக்டர் ஐயா.