போற தேதியைக் கேட்டு வை

பேராண்டி, நேத்து காப்பிக்கடையில மேசையை ஓங்கித் தட்டுனியே, என் கோப்பி பாதி சாசர்ல கொட்டிப்போச்சு. காசு கொடுத்தது நான். அதனால இப்ப பேசுற முறை என்னோடது.

நீ சொன்னது இதுதானே? "வாசல்ல லொங்காங் அடைச்சு மூணு மாசம் ஆச்சு. கேக்க நாதியில்ல. இந்த ஓட்டு கீட்டெல்லாம் வேலைக்காவாது தாத்தா. ஒரு ஜெனரல் வந்து ரெண்டு வருசம் ஆண்டா எல்லாம் நேராயிடும்."

வரட்டும்டா, நான் வேணாம்னா சொன்னேன்? தொண்ணூத்தி மூணு வயசுல எனக்குப் பழகின விருந்தாளிதான் பட்டாளத்தான். உள்ள கூப்பிடும்போதே "ஐயா, எப்பப் போவீங்க?"ன்னு மட்டும் கேட்டுக்க. "கொஞ்ச நாளைக்குத்தான்"னு சொன்னார்னா, உன் பேரனுக்கும் சேர்த்து அரிசி வாங்கி வச்சிரு.

முதல்ல வந்தவன் ஜப்பான்காரன். 1942 ஜனவரி 31-ல வெள்ளைக்காரப் பட்டாளம் ஜொகூர் பாருவுல இருந்து சிங்கப்பூருக்கு ஓடி, ஓடின பாலத்தை வெடி வச்சு உடைச்சுது. சில நாள்லயே யமாஷித்தாங்கிற ஜெனரல் நம்ம சுல்தானோட புக்கிட் செரீன் அரண்மனையில உக்காந்துக்கிட்டு, கோபுரத்துல இருந்து சிங்கப்பூரை நோட்டம் பார்த்தார். எனக்குப் பத்து வயசு. ஆசியா ஆசியாக்காரனுக்கேன்னு சொன்னாங்க. எங்கப்பா தோட்டத்துப் பெரட்டுல நின்னு கை தட்டினார். அப்புறம் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் எடுத்தாங்க. லயத்துல பாதி வீட்டு ஆம்பளைங்க போனாங்க. திரும்பி வந்தவங்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

சம்பளம் மட்டும் தாராளம். வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு. எங்கம்மா அதைத் தகர டின்னுல அடுக்கி வச்சிருந்தா. 1945-ல ஜப்பான் சரணடைஞ்சதும் டின்னோட செல்லாமப் போச்சு. நான் மரவள்ளி மாவைக் காய்ச்சி, அந்த நோட்டையெல்லாம் ஒட்டிப் பட்டம் விட்டேன். அம்மா விறகுக் கட்டையை எடுத்தா. நோட்டுக்காக இல்லடா, மாவு வீணாப் போச்சேன்னு!

ஜப்பான்காரன் மனசு மாறிப் போகல. வேற இடத்துல வாங்கின அடியில போனான். அடுத்து வெள்ளைக்காரனே பட்டாள உடுப்போட வந்தான். பிரிட்டிஷ் மிலிட்டரி அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமா பி.எம்.ஏ. அரிசி கள்ளச்சந்தையிலதான் கிடைச்சுது, அதனால சனங்க அதைப் "பிளாக் மார்க்கெட் அட்மினிஸ்ட்ரேஷன்"னு மாத்திப் படிச்சாங்க. ஆனா அவன் 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி நிர்வாகத்தைச் சிவில் கவர்னர் கையில கொடுத்துட்டான். கொடுத்த மலாயன் யூனியன் இங்க யாருக்குப் பிடிச்சுது? அடுத்த மாசமே, மே 11-ல, ஜொகூர் பாரு இஸ்தானா பெசார்ல டத்தோ ஓன் தலைமையில அம்னோ பிறந்துச்சு. ஊர் ஒண்ணுதான் பாரு. ஒரு அரண்மனையில ஜெனரல் உக்காந்தார், நாலு வருசத்துல இன்னொரு அரண்மனையில கட்சி உக்காந்துச்சு. பட்டாளத்தான் எந்திரிச்ச நாற்காலியில உக்கார ஆள் தயாரா இருக்கணும்டா. இல்லேன்னா அடுத்த பட்டாளத்தான் வந்து உக்காருவான்.

1948-ல அவசரகாலம் வந்துச்சு, அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்னு. பன்னிரண்டு வருசம் ஓடுச்சு. 1952-ல டெம்ப்ளர்னு ஒரு ஜெனரல். சிவில், பட்டாளம் ரெண்டு சாவியும் அவர் இடுப்புலதான். சார்டின் டின் வாங்கினாக்கூட கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான், பத்திரப்படுத்திக் காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அனுப்பிடுவோமாம். நீ ஆசைப்படுற ஜெனரல் அவர்தான்னு வையேன். ஆனா துப்பாக்கியால மட்டும் காட்டை ஜெயிக்க முடியாதுன்னு அவருக்கே தெரிஞ்சிருந்துச்சு. அவசரகால முள்கம்பியைப் பிரிக்கிறதுக்கு முன்னாலயே, 1955 ஜூலை 27-ல, மலாயாவுல பொதுத்தேர்தல். 52 இடத்துல 51 அம்னோ இருந்த கூட்டணிக்கு. எங்கப்பாவுக்கு ஓட்டு இல்ல. பால் வெட்ட வந்தவன் குடிமகனான்னு அப்ப முடிவாகல.

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்தைப் பூட்டுனாங்க. நாட்டை ஆண்டது மாகெரான்ங்கிற தேசிய நடவடிக்கை மன்றம், துன் ரசாக் தலைமை. அதோட நிர்வாக அதிகாரி யார் தெரியுமா? லெப்டினன்ட் ஜெனரல் இப்ராஹிம் இஸ்மாயில், நம்ம ஜொகூர் பாருக்காரர். நாற்காலி பக்கத்துலயே இருந்துச்சு. மனுசன் உக்காரல. முகாமுக்குத் திரும்பிப் போய்ப் பட்டாளத் தலைவரானார். இந்த ஒரு ஆளுக்கு நான் தொப்பியைக் கழட்டுவேன், எங்கிட்ட தொப்பி இருந்தா. 1971 பிப்ரவரியில நாடாளுமன்றக் கதவு திறந்துச்சு. என்னென்ன கேள்வி உள்ள கேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு ஓட்டினாங்கங்கிறது வேற கதை.

எதிர்க்கரை இந்தோனேசியாவைப் பாரு. சுகார்த்தோ ஜெனரல் முப்பது வருசத்துக்கு மேல ஆண்டார். 1997 நடுவுல டாலருக்கு 2,400 ரூப்பியா இருந்தது, 1998-ல பத்தாயிரத்தைத் தாண்டிச்சு. மாணவங்க தெருவுக்கு வந்தாங்க, மே 21-ல அவர் போனார். பட்டாளம் போச்சான்னு கேளு. நாடாளுமன்றத்துல ஓட்டே வாங்காம 75 நாற்காலி வச்சிருந்தாங்க. அது 38 ஆச்சு, 2004-லதான் காலியாச்சு. வீட்டை விட்டுப் போன மாப்பிள்ளை செருப்பை மட்டும் வாசல்ல விட்டுட்டுப் போற மாதிரி. இப்ப அங்க அதிபரா இருக்கிற பிரபோவோவும் பழைய ஜெனரல்தான், சுகார்த்தோவுக்கு ஒருகாலத்து மருமகன். ஆனா ஓட்டு வாங்கி வந்திருக்கார், அதைச் சொல்லணும்.

இப்ப உன் லொங்காங்குக்கு வரேன். 1964-ல கொன்பிரன்டாசி நடந்தப்ப இந்தோனேசியப் பட்டாளம் பொந்தியான் கரையில இறங்குச்சு, லாபீஸ்ல பாராசூட்டுல குதிச்சுது. சண்டைக் காலத்துல தேர்தல் எதுக்குன்னு 1965-ல ஊராட்சித் தேர்தலை நிறுத்துனாங்க. அதுக்கு முன்னால நான் ஓட்டுப் போட்டிருக்கேன்டா. கவுன்சிலர் சைக்கிள்ல வருவான், லொங்காங்கை எட்டிப் பார்ப்பான், மூக்கைப் பொத்திக்குவான், மறுவாரம் ஆள் அனுப்புவான். பார்க்கலேன்னா அடுத்த தடவை ஓட்டு விழாதுன்னு அவனுக்குத் தெரியும்.

ஜெனரலை அப்புறம் தேடு. உன் லொங்காங்கைப் பார்க்க வேண்டிய கவுன்சிலர் பேர் உனக்குத் தெரியுமா? தெரியாது. நீயா தேர்ந்தெடுத்தே? கொன்பிரன்டாசி 1966 ஆகஸ்டுல முடிஞ்சுது. கொஞ்ச நாளைக்குன்னு நிறுத்தின தேர்தலை 1976-ல சட்டம் போட்டே எடுத்துட்டாங்க. இன்னும் திரும்பி வரல.